இரண்டாவது ஆளையும் கேளுங்கள்: வேலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், மாவட்டத்தின் மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

இதை நான் ஒரு திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து, மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்திருக்க வேண்டும். கணியம்பாடி ஒன்றியத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஆனால் என் மனைவியைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கவும் முடியாது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் என்னைப் போல வாசற்படி தாண்ட முடியாதவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களையும் எந்த வரிசையிலும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு வயது 76. காட்பாடி ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு 71. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அமைப்பாளராகச் சேர்ந்து, 58 வயதுவரை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். ஆறு ஆண்டுகளாக அவளுக்கு டிமென்ஷியா, ஞாபகமும் புத்தியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் நோய். ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்து நின்றதுதான் முதல் அடையாளம். வயதானால் இப்படித்தான் என்று நானும் ஒன்றரை வருடம் இருந்துவிட்டேன். தைராய்டு குறைந்தாலும், பி12 சத்துக் குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும் ஞாபகம் தடுமாறும், அவற்றைச் சரிசெய்தால் ஞாபகம் திரும்பவும் வாய்ப்பு உண்டு என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்தச் சோதனைகளையும் செய்தோம். அவளுக்கு அவை எதுவும் காரணமில்லை. டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் என்று சொன்னார்கள்.

மாத்திரை தருகிறார்கள். அது நோயைப் போக்காது, கொஞ்ச காலம் தள்ளிப் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் எழுத வந்தது வேறு விஷயத்துக்காக.

எங்கள் வீட்டில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வெயில் இறங்கத் தொடங்கியதும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. புடவையைச் சரிசெய்துகொள்வாள், ஒரு பையில் துண்டும் சீப்பும் எடுத்து வைப்பாள், "ஊருக்குப் போக வேண்டும், அம்மா காத்துக்கொண்டிருப்பாள்" என்பாள். அவள் பிறந்த ஊர் குடியாத்தம். என் மாமியார் காலமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் நான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "உன் அம்மா இறந்து எவ்வளவு காலமாகிறது, மறந்துவிட்டாயா?" என்பேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். இப்போதுதான் செய்தி வந்தது போலத் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். மறுநாள் மாலை மீண்டும் அதே பை, அதே கேள்வி, அதே அழுகை. ஏறக்குறைய ஒரு வருடம், தினமும் மாலையில் அவளுடைய அம்மாவைச் சாகடித்தவன் நான்.

பிறகு ஒரு நாள், நான் உள்ளே ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே திண்ணைப் பக்கமாக வந்து, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, "குடியாத்தத்துக்கு ஒன்று கொடுங்கள்" என்றாள். உள்ளங்கையில் இரண்டு ஐந்து ரூபாய்க் காசுகள். முகத்தில் பதற்றம் இல்லை. கல்யாணமான புதிதில் பகல் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து கவுண்டர் ஜன்னல் வழியாகத்தான் என்னிடம் நீட்டுவாள். அந்த ஜன்னல் அவள் மனத்தில் இன்னும் இருக்கிறது போலும். எனக்கு என்ன தோன்றியதோ, மேசையில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். அந்தக் காலத்து அட்டை டிக்கெட்டின் கனம் அதற்கு இருந்தது. கத்தரித்து, குடியாத்தம் என்று எழுதி, தேதி போட்டு, காசை எண்ணி வாங்கி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, டிக்கெட்டையும் கொடுத்தேன். முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். "வண்டி எத்தனை மணிக்கு?" என்றாள். "இன்னும் நேரம் இருக்கிறது அம்மா, உட்காருங்கள்" என்றேன். திண்ணையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வந்தது. அழவில்லை.

அன்றிலிருந்து பத்திரிகை அட்டைகளைக் கத்தரித்து ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டு வாங்குகிறேன்.

இதை நான் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிம்மதி கிடைத்தது, அதற்காகத் தெய்வத்துக்கு நன்றி சொல்கிறேன். நடந்த சங்கதி மறந்துபோனாலும் அது விட்டுச்சென்ற சந்தோஷமோ பயமோ இந்த நோய் உள்ளவர்களின் மனத்தில் வெகு நேரம் தங்கும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. நான் கண்ணாலேயே பார்க்கிறேன். ஆனால் அதே திண்ணையில் எனக்கு நடப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1976இல் கல்யாணமானது முதல் நான் 'நீ' என்று பேசிய பெண்ணை இப்போது மாலைதோறும் 'நீங்கள்' என்று அழைக்கிறேன். அந்நிய ஆணிடம் பேசும் கூச்சத்தோடு அவள் எனக்குப் பதில் சொல்கிறாள். சில நாள் போகும்போது, "என் வீட்டுக்காரர் வந்து தேடினால் குடியாத்தம் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறாள். சரி அம்மா, சொல்கிறேன் என்கிறேன். அதற்குப் பிறகு நான் அடுப்படியில் நின்று இரவுக்கு உப்புமா கிளற வேண்டும்.

இந்த ஆறு ஆண்டுகளில் எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்துவிட்டோம். சீட்டில் அவள் பெயர் இருக்கும். அவளுடைய தூக்கம், அவளுடைய பசி, அவளுடைய மலச்சிக்கல் எல்லாவற்றையும் என்னிடம் கேட்பார்கள், நானும் குறிப்பு நோட்டைப் பார்த்துச் சொல்வேன். என்னை ஒருவரும் கேட்டதில்லை. அவர்கள்மேல் தப்பில்லை, வெளியே அத்தனை பேர் நிற்கிறார்கள், சீட்டில் இருப்பதோ ஒரு பெயர்.

ஒரு முறை கேட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமை தரும் சம்பவம் அல்ல என்றாலும். போன வருடம் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். மூன்றாவது முறையாகக் கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போகப் பார்த்தாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். பலமாகவே இழுத்தேன். "திருடன், திருடன்" என்று கத்தினாள். காலையில் மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. வளையல் கீறியிருந்தது. என்ன ஆயிற்று என்று என்னிடமே கையைக் காட்டிக் கேட்டாள். யாரிடம் சொல்வது? மகன் பெங்களூரில் இருக்கிறான், அவனிடம் சொன்னால் பயந்துவிடுவான். அன்று இரவு அவள் தூங்கிய பிறகு 14416க்கு, டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணுக்கு, போன் செய்தேன். இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். எடுத்த பெண் முழுதும் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "ஐயா, நீங்கள் இன்று சாப்பிட்டீர்களா?" என்பதுதான். என்னால் வெகுநேரம் பதில் பேச முடியவில்லை. அந்தப் பெண் போனை வைக்காமல் காத்திருந்தார்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். டிமென்ஷியா உள்ள வீட்டில், அதுவும் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கும் வீட்டில், நோய் ஒருவருக்கு, பாதிப்பு இருவருக்கும். அரசாங்கத்தின் கணக்கில் ஒருவர்தான் ஏறுகிறார். இரண்டாவது ஆளையும் கணக்கில் ஏற்றுங்கள்.

நம் ஊருக்கு இது புதிய யோசனையும் அல்ல. பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். டிமென்ஷியா ஆராய்ச்சியிலும் எங்கள் கணியம்பாடி ஒன்றியத்துக்கு ஓர் இடம் உண்டு. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு 10/66 என்று பெயர் வைத்தார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் இருக்க, அந்த நாடுகளில் நடக்கும் ஆய்வோ மொத்தத்தில் 10 சதவீதம்கூட இல்லை என்பதைச் சொல்லும் பெயர் அது. அந்தக் குழு இந்தியாவில் சென்னையிலும் வேலூரிலும் வேலை செய்தது. வேலூரில் அவர்கள் தேர்ந்தெடுத்தது எங்கள் ஒன்றியத்துக் கிராமங்களை. 65 வயது கடந்த சுமார் ஆயிரம் பேரை வீடுவீடாகப் போய்ப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் போகாத முதியவர்களிடமும் டிமென்ஷியாவைச் சரியாகக் கண்டுபிடிக்கும் கேள்விமுறை உலகத்துக்குக் கிடைத்ததில் எங்கள் ஊர்க் கிழவிகளின் பதில்களுக்கும் பங்கு இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில், அந்தக் கேள்விக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் ஒரு வழி பிறக்க வேண்டும் அல்லவா?

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. அதில் எத்தனை பேரின் தலைமாட்டில் ஒரு கணவரோ மனைவியோ உட்கார்ந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பராமரிக்கும் உறவினர்கள் சராசரியாக ஒரு நாளில் ஐந்து மணி நேரம் அதற்காகச் செலவிடுகிறார்கள், அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் ஆண் என்பதால் எனக்கு ஒரு சலுகை கிடைத்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "பெரியவர் பொண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் பாருங்கள்" என்று தெருவில் என்னைப் பாராட்டுகிறார்கள். இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மாள், இதே நோய் வந்த கணவரை எனக்கு முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் பாராட்டுவதில்லை. அது அவர் கடமையாம். அந்த ஐயா அவரை அடிப்பதும் உண்டு. "அவருக்கா தெரியும், நோய்தானே அடிக்கிறது" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டு முந்தானையால் கழுத்தை மூடிக்கொள்வார்.

செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் தன்னார்வலர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். என் இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார், "தாத்தா, ஆயா எப்படி இருக்கிறார்?" என்று தவறாமல் விசாரிக்கிறார். தங்கமான பெண். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, மனச்சோர்வு, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு சொன்னது. அப்படியானால் இந்தப் பெண் படியேறி வருவதே பாதி வைத்தியம். அவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ஞாபகம் தப்பியவர் இருக்கும் வீட்டில் கூட இருப்பவரைத் தனியே அழைத்து, நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கடைசியாக எப்போது வெளியே போய் வந்தீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதிலை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பதில் மோசமாக இருந்தால் மாவட்ட மனநலத் திட்டத்தில் இருப்பவர்களுக்குத் தகவல் போகட்டும். இதற்கு என்ன செலவாகிவிடும்?

இன்னொன்றுக்குக் கொஞ்சம் செலவாகும். ஆனால் இடம் ஏற்கனவே இருக்கிறது. என் மனைவி வேலை பார்த்த சத்துணவுக் கூடம் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. அவள் இன்றைக்கும் காலையில் என்னிடம், "இன்று எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்கிறாள். "நூற்றுப் பன்னிரண்டு" என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். முறத்தில் இரண்டு படி அரிசியைக் கொட்டி முன்னால் வைப்பேன். கல் பொறுக்குவாள். கல்லே இல்லாத அரிசி. கடையில் அப்படித்தான் வருகிறது. ஆனாலும் விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்க்க வேண்டும். நோய் அந்த விரல்களைத் தொடவில்லை. ஒரு மணி நேரம் பாட்டுப் பாடிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் குளிக்கிறேன், துணி துவைக்கிறேன்.

அந்தக் கூடத்தை வாரத்தில் இரண்டு பிற்பகல் எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் இருவர் இருந்தால் போதும், அவர்களுக்கு ஒழுங்கான ஊதியம் கொடுத்து, பழக்கி. பூக் கட்டட்டும், கீரை ஆயட்டும், பழைய பாட்டைப் பாடட்டும். அந்த நேரத்தில் நான் அங்கேயே மூலையில் படுத்துத் தூங்குவேன், அல்லது என்னைப் போன்ற இன்னொருவரோடு பேசுவேன். சக நோயாளியைப் பார்க்க ஆயிரம் இடம் உண்டு, சக துணையைப் பார்க்க எங்களுக்கு ஓர் இடமில்லை. கேரள அரசு 2014இலேயே ஸ்மிருதிபதம் என்ற பெயரில் டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பகல் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கியது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

இல்லம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து இரண்டு முதியோர் இல்லங்களில் விசாரித்தேன். ஒரு இடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களாம், ஞாபகம் தப்பியவர்களைச் சேர்ப்பதில்லையாம். மற்ற இடத்தில் இருவரையும் சேர்ப்பார்கள், ஆனால் ஆண்கள் பகுதி தனி, பெண்கள் பகுதி தனி. ஐம்பது வருடம் ஒரே பாயில் படுத்தவர்களை நடுவில் ஒரு சுவர் வைத்துப் பிரித்தால், மாலையில் யார் அவளுக்கு டிக்கெட் கொடுப்பார்கள்? அரசு உதவி பெறும் இல்லங்களிலாவது தம்பதி சேர்ந்து இருக்க ஓர் அறை வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

உறவினர்களைப் பற்றி அரசாங்கத்திடம் முறையிட்டுப் பயனில்லை என்று தெரியும். இருந்தாலும் அவர்களில் சிலரும் இதைப் படிப்பார்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு, வைகாசி முதல் நாள், வருடம் தவறாமல் போய்க்கொண்டிருந்தோம். மைத்துனன் வீட்டில்தான் தங்குவோம். மூன்று வருடத்துக்கு முன் அவனே போன் செய்து, "மாமா, நீங்கள் மட்டும் வாருங்கள், அக்காவை ஏன் சிரமப்படுத்துகிறீர்கள்" என்றான். அன்போடுதான் சொன்னான். நான் போகவில்லை. அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகை தபாலில் வருகிறது, யாரும் நேரில் வந்து வைப்பதில்லை. டிக்கெட்டுக்கு அட்டை கிடைக்கிறது, அவ்வளவுதான். அவள் பெயரை மறந்தாலும் முகம் பார்த்துச் சிரிப்பாள் ஐயா. வந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். நீங்கள் யார் என்று அவளிடம் பரீட்சை வைக்காமல், "நான் உங்கள் தம்பி வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. கையெழுத்து பொருந்தவில்லை என்று ஒரு கிளையில் அவளை நான்கு முறை எழுத வைத்தார்கள். நான்காவது முறை அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு எழுதத் தெரியாதுங்க" என்றாள். முப்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதியவள். அன்று அவள் முகத்தில் பார்த்த அவமானத்தை மாவட்டத்தில் இன்னொரு பெண்ணுக்கு வரவிடாதீர்கள். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரை அழைத்து நீங்கள் ஒரு கூட்டம் போட்டாலே இது நடந்துவிடும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அந்த நாளில் பேரணி நடத்துவதாக இருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பிற்பகலுக்கு அந்தச் சத்துணவுக் கூடத்தைத் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை ஜோடிகள் வருகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம்.

என்னால் சத்துவாச்சாரிக்கு வர இயலாது. உங்கள் அலுவலர் யாராவது எங்கள் வீட்டுக்கு வரலாம். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவள் நன்றாக இருக்கும் நேரம், அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பாள். வருகிறவர் அவளைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, எத்தனை பிள்ளைகள் இன்று என்று கேட்டால் மகிழ்ந்துபோவாள். பிறகு திண்ணைக்கு வந்தால் நானும் பேசுகிறேன். கேட்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணியம்பாடி ஒன்றியத்திலிருந்து
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்